கெண்டைக்கால் சரி, குதிகால்?

பனியில் பலகைமேல் நின்று சறுக்க நான் போடும் அதே ஸ்னோபோர்டு பூட்ஸ் மார்ச் மாதத் தள்ளுபடியில் பாதி விலைக்கு வந்திருக்கிறதாம். "வாங்கட்டுமா அக்கா?" என்று ஆபீஸ் தோழி கேட்டாள். லேஸுக்குப் பதில் கம்பியைத் திருகி இறுக்கும் ஒற்றை டயல், நடுத்தர விறைப்பு, பெண்களுக்கான மாடல். கம்பெனி பேர் அவளுக்குத் தெரியும், இங்கே வேண்டாம். ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்குக் கெண்டைச் சதை பொதுவாக ஆண்களைவிடத் தாழ்வாகவே இறங்கியிருக்கும். முன்பு வாடகைக்கு எடுத்துப் போட்டவற்றில் பூட்ஸின் மேல் விளிம்பு சரியாக அந்தச் சதையில்தான் வெட்டும். மதியத்துக்குள் கால் கடுக்க ஆரம்பித்துவிடும். இதில் கழுத்து தாழ்வு, வாய் அகலம். முழங்காலை எவ்வளவு மடக்கினாலும் உறுத்தல் இல்லை. இதற்கே கொடுத்த காசு தகும் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இனி குதிகால். நீளத்தில் குறையே இல்லை. என் பாதம் 24 செ.மீ., அதாவது பாத நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்லும் மோண்டோ அளவில் 24, அமெரிக்கப் பெண்கள் அளவில் 7. நிமிர்ந்து நின்றால் விரல் நுனி லைனரை, அதாவது பூட்ஸின் உள்மெத்தையைத் தொடும், முழங்காலை மடக்கினால் லேசாகப் பின்வாங்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் குறுகலான என் குதிகால் உள்ளே ஏறி இறங்குகிறது. ஹீல் சைடில், அதாவது குதிகால் பக்கம் சாய்ந்து சறுக்கும்போது தெரியாது. டோ சைடு, அதாவது விரல் பக்கம் திரும்பும்போது போர்டின் விளிம்பில் எடையைக் கொடுத்தால் முதலில் குதிகால் எழும், அப்புறம்தான் போர்டு அசையும். அந்த ஒரு நொடித் தாமதத்தில் என் திருப்பம் கெட்டுப்போகும்.

சரி, இறுக்கிப் பார்ப்போம் என்றால் இருப்பது ஒரே டயல். குதிகாலுக்காகத் திருகினால் கம்பி புறங்காலையும் சேர்த்து நெரிக்கும். நான் சறுக்கும் ஒன்டாரியோவின் ப்ளூ மவுண்டன் சுமார் 220 மீட்டர் உயர மலைதான். சறுக்கும் நேரத்தைவிட லிஃப்டில் உட்கார்ந்திருக்கும் நேரமே அதிகம். முன்காலில் மாட்டிய போர்டு அந்தரத்தில் தொங்கி பூட்ஸையே கீழே இழுக்க, பக்கத்து ஜார்ஜியன் பே ஏரிக்காற்று முகத்தில் அடிக்க, விரல்கள் ஒவ்வொன்றாக மரத்துப்போகும். கையுறையோடு குனிந்து டயலை வெளியே இழுத்து 'டப்' என்று விடுவிப்பேன். ரத்தம் திரும்பும்போது சுரீரென்று குத்தும். மேலே போய்ச் சேர்ந்ததும் மறுபடி திருகல்.

லைனரைக் கடையில் சூடாக்கி என் காலுக்கு அமைத்துத்தான் கொடுத்தார்கள். ஒரு சீசனில் ஃபோம் அமுங்கி இன்னும் இடம் விட்டது. இது எல்லா பூட்ஸுக்கும் நடப்பதுதான். அதற்காகத்தான் புதிதில் கொஞ்சம் இறுக்கமாகவே வாங்கச் சொல்வார்கள். கணுக்கால் எலும்புக்குப் பின்னே லைனரின் வெளிப்பக்கத்தில் ஜே வடிவ ஃபோம் பட்டை ஒட்டினேன். பாதித் தொல்லை தீர்ந்தது, நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் பெண்களுக்கென்று தனியாக வார்த்துப் பெண்களுக்கென்று விலையும் வைத்தவர்களுக்கு, கெண்டைக்கால் வரை யோசிக்கத் தெரிந்தது, குதிகாலில் மட்டும் என்ன தூக்கம்? பட்டையைப் பெட்டியிலேயே போட்டுக் கொடுத்தால் கம்பெனி மூழ்கிவிடுமா?

லேஸ் வைத்ததையோ இரட்டை டயலையோ பார்க்கச் சொல்வேன். கணுக்காலை ஒரு பிடி, புறங்காலை வேறு பிடி என்று கட்டலாம். எதுவானாலும் கடையில் ஒரே ஒரு மெல்லிய சாக்ஸோடு போட்டு, முழங்காலை மடக்கி முன்விரலில் ஏறிப் பார்க்க வேண்டும். குதிகால் அங்கேயே எழுந்தால் மலையில் கேட்கவே வேண்டாம்.

தோழிக்குக் குதிகால் என்னுடையதைவிட அகலம். அவளுக்கு இது கச்சிதமாகப் பொருந்தக்கூடும், பாதி விலை வேறு. ஜனவரியில், புதுப்பனி விழுந்த வாரத்தில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்றிருப்பேன். அவள் கேட்டதோ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நான் காரில் உட்கார்ந்து விரலைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது. வேண்டாம் என்று மெசேஜ் அனுப்பிவிட்டேன்.