கீட்டோன் பவுடரா, மாவுச்சத்தைக் குறைத்த சாப்பாடா?

போன வருடம் எனக்கு எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 7.6 என்று வந்தது. பயத்தில் முதலில் வாங்கியது கீட்டோன் பவுடர்தான். கீட்டோன் என்பது கொழுப்பிலிருந்து உடம்பு தயாரிக்கும் எரிபொருள். சோற்றை விட வேண்டாம், காலையில் ஒரு கரண்டி தண்ணீரில் கலக்கிக் குடித்தால் உடம்பு தானாகக் கீட்டோசிஸுக்கு, அதாவது ரத்தத்தில் கீட்டோன் ஏறிய நிலைக்கு, போய்விடும் என்றார் விற்றவர். ஒரு மாதம் குடித்தேன். அப்புறம் அதை விட்டுவிட்டு, பதினொரு மாதமாக மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட்டு வருகிறேன்.

செலவு இரண்டிலுமே உண்டு. முட்டை, மீன், பனீர் என்று போனால் மளிகைக் கணக்கு ஏறத்தான் செய்யும். பவுடர் உப்புக் கரிக்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு விஷயம்: கீட்டோன் எங்கிருந்து வருகிறது என்பது. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்குகிறது. சேர்த்து வைத்த கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போகிறது, கல்லீரல் அதிலிருந்து கீட்டோன் தயாரிக்கிறது. ரத்தத்தில் அது லிட்டருக்கு 0.5 மில்லிமோலைத் தாண்டினால் கீட்டோசிஸ் என்கிறார்கள். பவுடர் குடித்தாலும் மீட்டரில் அதே 0.5, 0.6 வரும். ஆனால் அது என் கொழுப்பு கரைந்து வந்ததில்லை, டப்பாவிலிருந்து வந்தது. இன்னும் மோசம், வெளியிலிருந்து கீட்டோன் ஏறியதும் உடம்பு கொழுப்பைக் கரைக்கும் வேலையை மட்டுப்படுத்திவிடும். குடித்த கீட்டோனும் மூன்று நான்கு மணி நேரத்தில் வடிந்துவிடும். பவுடர் குடித்த நாளில் மதியம் வழக்கம்போல் சோறு சாப்பிட்டேன், இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 230. சோற்றை ஒரு சின்னக் கிண்ணமாகக் குறைத்து, பொரியலையும் மீனையும் கூட்டிய பிறகு அதே நேரத்தில் 145. மூன்று மாதத்தில் எச்பிஏ1சி 6.3.

பவுடரில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எஸ்டர் என்று இன்னொரு வகைக் கீட்டோன் பானம் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் கீரன் கிளார்க்கும் அமெரிக்காவின் ரிச்சர்ட் வீச்சும் என இரண்டு விஞ்ஞானிகள் உருவாக்கியது. ராணுவ வீரர்களின் தாக்குப்பிடிக்கும் திறனுக்காக அமெரிக்க ராணுவ ஆய்வு நிதியில் தொடங்கிய வேலை அது. கீட்டோனை 3 மில்லிமோல் வரைகூட ஏற்றும், சில மணி நேரம் சர்க்கரையையும் இறக்கும். நான் குடித்துப் பார்த்ததில்லை. நான் குடித்தது உப்பு வகை. அதில் கீட்டோனோடு சோடியமும் சேர்ந்தே வரும், ரத்தக் கொதிப்பு இருக்கிற எனக்கு அது ஒத்துவராது.

சாப்பாட்டு வழியிலும் கஷ்டம் இருந்தது. முதல் வாரம் தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு. இன்சுலின் இறங்கும்போது சிறுநீரகம் உப்பை வெளியேற்றுகிறது, அதனால்தான். கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் 118லிருந்து 141 ஆனது. வெண்ணெயைக் குறைத்து நிலக்கடலை, பாதாம், மத்தி மீன் பக்கம் போன பிறகு கொஞ்சம் இறங்கியது. இந்தச் சாப்பாட்டைப் பற்றிய ஆய்வுகளிலும் சர்க்கரையில் ஆறாம் மாதத்தில் தெரிகிற நல்ல வித்தியாசம் ஒரு வருடத்தில் சுருங்கிவிடுகிறது. பெரும்பாலும் பழைய சாப்பாட்டுக்கே ஆட்கள் திரும்பிவிடுவதால் இருக்கலாம். எனக்கே இன்னும் ஒரு வருடம் முடியவில்லை.

சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் தானாகத் தொடங்கிவிடாதீர்கள். கிளிமிபிரைட் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சோறு குறைந்ததும் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. நான் சோற்றைக் குறைக்கும் முன்பே டாக்டர் என் கிளிமிபிரைடைப் பாதியாக்கினார், மூன்றாவது வாரம் நிறுத்தியே விட்டார்.