ஈரப்பதம் 19: கடமையா, பலனா?

குறுவை அறுவடை, வானம் கறுத்திருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரம் 19 சதவீதம், வரம்போ 17. பட்டியல் எழுத்தர் 17 என்றே எழுதிவிடலாமா?

கேள்வி
காண்ட் (கடமையை முன்வைத்த ஜெர்மன் தத்துவஞானி, 1785 நூல்): எல்லா எழுத்தரும் இப்படி எழுதினால் பதிவேட்டை யார் நம்புவார்?
மில் (பலனை முன்வைத்த ஆங்கிலேயத் தத்துவஞானி, 1861 கட்டுரை): யாருக்கு எவ்வளவு நன்மை, எவ்வளவு கேடு?

விடை
காண்ட்: எழுதாதே.
மில்: இந்த விவசாயி தப்புவார். ஆனால் ஈர மூட்டை அட்டியில் (மூட்டை அடுக்கில்) சூடேறிப் பூசணம் பிடிக்கும், பக்கத்து மூட்டையும் கெடும். பலன் பேசுவோர் பெரும்பாலும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சறுக்கல்
காண்ட்: நெல் நனைந்தாலும் விதி விதிதான் என்று கைகட்டி நிற்பது. (பொய்யைத்தான் தடுத்தார், தார்ப்பாய் கொடுப்பதை அல்ல!)
மில்: கண்ணெதிரே நிற்பவரை மட்டும் எண்ணுவது.

ஈரம் அளக்கும் மீட்டர், எடை, பதிவேடு என்றால் கடமை. களத்தில் யார் முதலில் உலர்த்துவது, தார்ப்பாய் யாருக்கு என்றால் பலன்.