45 எச்.பி. வண்டிக்கு ஒன்பது கொத்தா, பதினொரு கொத்தா?

என் மச்சான் போன வருஷம் 45 எச்.பி. டிராக்டர் எடுத்தார். இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண வண்டிதான். கோவில்பட்டிப் பக்கம் எட்டு ஏக்கர் கரிசல், சங்கரன்கோவில் ரோட்டில் நாலு ஏக்கர் செம்மண். வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளே கொத்துக் கலப்பைப் பேச்சு ஆரம்பித்தது. கொத்து என்பது அந்தக் கலப்பையில் மண்ணைக் கிளறும் ஒவ்வொரு இரும்புக் கால். ஒன்பது கொத்து போதும் என்றேன். "45 எச்.பி. வச்சுக்கிட்டு ஒன்பதா மாப்ளே? பதினொன்னு போட்டா ஒரு சால் கொறையும்ல" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எச்.பி.யை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது. பானட்டில் ஒட்டியிருக்கும் 45 இன்ஜினுக்கு உரிய எண். கலப்பையை இழுப்பது இன்ஜின் இல்லை, மண்ணைப் பிடித்துக்கொண்டு நகரும் பின் டயர். டயருக்குப் பிடி கிடைக்காவிட்டால் 45 இருந்தாலும் 60 இருந்தாலும் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும்.

மச்சானுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது. வண்டியின் எடை 1,950 கிலோ அளவில் இருக்கும். அதில் அறுபது சதவீதத்துக்குச் சற்று மேல், அதாவது சுமார் 1,200 கிலோ, பின் அச்சில் நிற்கும். கலப்பையின் எடையும், உழும்போது அது கீழே அமுக்கும் பாரமும் சேர்ந்தால் 1,500 வரை போகும். ஓரளவு இறுகிய வயலில் டயர் தன்மேல் உள்ள பாரத்தில் பாதியளவுக்கு இழுவை தரும் என்று வைத்தால் 750 கிலோ. ஏற்கெனவே உழுது பொலபொலவென்று கிடக்கும் நிலத்தில் இது இன்னும் குறையும்.

இந்த 750 கிலோவை மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்க எத்தனை எச்.பி. வேண்டும்? இழுவையை வேகத்தால் பெருக்கி 270-ஆல் வகுத்தால் விடை வரும்: 14 எச்.பி.கூட இல்லை. டிரான்ஸ்மிஷனிலும் சக்கரம் சறுக்குவதிலும் போவதைச் சேர்த்தாலும் 45-இல் பாதிக்குப் பக்கத்தில்தான் வரும். மெதுவாக உழும்போது பிடி முதலில் தீர்ந்துவிடுகிறது, சக்தி மீதம் கிடக்கிறது. இன்ஜின் சத்தம் மாறவே இல்லை, வண்டி மட்டும் நகர மாட்டேன் என்கிறது என்று டிரைவர்கள் சொல்வது இந்த நிலையைத்தான்.

இப்போது கொத்துகளுக்கு வருவோம். ஐந்து அங்குல ஆழம், 5 கிலோமீட்டர் வேகம் என்றால் மணல் கலந்த செம்மண்ணில் ஒரு கொத்து சுமார் 50 கிலோ இழுவை கேட்கும். பதத்தில் இருக்கும் கரிசலில் 70 முதல் 75 வரை. செம்மண்ணில் ஒன்பது கொத்துக்கு 450, பதினொன்றுக்கு 550. இரண்டுமே 750-க்குள் அடங்கிவிடுகின்றன. கரிசலில் ஒன்பதுக்கு 660, அதாவது எல்லைக்குள், கொஞ்சம் மிச்சத்தோடு. பதினொன்றுக்கு 800, எல்லை தாண்டியாயிற்று. இது பதம் பார்த்து உழுதால்தான். பதம் தப்பிக் காய்ந்து பாளம் பாளமாக வெடித்த கரிசலுக்கு இந்த எண்கள் எதுவும் செல்லாது. அங்கே ஒன்பதே திணறும்.

சரி, 50 கிலோதானே கூடுதல், இழுத்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றலாம். இழுக்கத்தான் செய்யும், ஆனால் சறுக்கிக்கொண்டே. உழவில் 10 முதல் 15 சதவீதம் சறுக்கல் இயல்பு, அது இல்லாமல் டயர் இழுவையே தராது. அதற்கு மேல் போனால் நஷ்டம் வேகமாக ஏறும். ஒன்பது கொத்து ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலம் உழும். 12 சதவீதச் சறுக்கலில் 5 கிலோமீட்டர் வேகம் கிடைத்தால், வரப்போரம் திரும்பும் நேரத்தையும் கழித்து மணிக்கு 1.85 ஏக்கர். பதினொரு கொத்துக்கு அகலம் கிட்டத்தட்ட 2.5 மீட்டர். அதே வேகம் நின்றால் 2.3 ஏக்கர் வரவேண்டும். சறுக்கல் 25 சதவீதம் ஆகிவிட்டால் உண்மையான வேகம் 4.3-க்கு இறங்கி, கைக்கு வருவது 1.95 ஏக்கர்தான். பத்து சென்ட் லாபத்துக்காக டயர் சுற்றில் கால் பங்கை மண்ணில் தேய்க்கிறோம். டீசல் செலவும், டயர் பட்டன் (மண்ணைப் பிடிக்கும் மேட்டுக் கட்டைகள்) தேய்வதும் அந்தக் கணக்கில் வராது, தனி.

சறுக்கலைப் பார்க்க மெஷின் எதுவும் வேண்டாம். பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே வயலில் டயர் பத்துச் சுற்று சுற்ற எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து வையுங்கள். 13.6-28 அளவுப் பின் டயருக்கு 40 மீட்டர் அளவில் வரும். பிறகு கலப்பையை இறக்கி உழுதுகொண்டே பத்துச் சுற்று. 35 மீட்டர் வந்தால் நல்ல பொருத்தம். 30-தான் வருகிறது என்றால் ஆழத்தைக் குறையுங்கள், இல்லை கொத்தைக் குறையுங்கள். அளக்கப் பொறுமை இல்லாதவர்கள் தடத்தைப் பார்த்தாலும் போதும். பட்டன் அச்சு ஓரத்தில் தெளிவாகவும் நடுவில் லேசாகக் கலைந்தும் இருந்தால் சரி. முழுவதும் வழித்துவிட்டதுபோல் இருந்தால் கலப்பை பெரிது. அச்சு கொஞ்சமும் கலையாமல் இருந்தால் வண்டிக்கு இன்னும் வேலை கொடுக்கலாம்.

இந்த இடத்தில் மச்சான் ஒரு மடக்கு மடக்கினார்: "டயர்ல தண்ணி ஏத்திட்டா?" நல்ல கேள்வி. 13.6-28 டயரை முக்கால் பாகம் தண்ணீரால் நிரப்பினால் இரண்டு டயருக்கும் சேர்த்து 300 கிலோ அளவில் கூடும். அதில் பாதி இழுவையாக மாறினால் 150 கிலோ, அதாவது கரிசலில் சரியாக இரண்டு கொத்து! கணக்கு அவர் பக்கம் திரும்பிவிட்டது. ஆனால் அந்த 300 கிலோ உழவு முடிந்ததும் இறங்கிப் போகாது. விதைக்கும்போதும் டிரெய்லர் இழுக்கும்போதும் கூடவே வரும், ஈரக் கரிசலில் மண்ணை அமுக்கும். கோடை உழவுக்கு முன் ஏற்றி மழைக்கு முன் இறக்குபவர்களுக்கு அருமையான வழி. ஏற்றியதை மறந்துவிடுகிற நம்மைப் போன்றவர்களுக்குக் கழற்றி மாட்டும் இரும்பு வெயிட்டே மேல்.

அப்படியானால் முதலிலேயே நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி எடுத்திருக்கலாமே? அதே 45 எச்.பி.யில் முன் அச்சின் பாரமும் இழுவைக்குச் சேரும். காகிதக் கணக்கில் 750 கிலோ என்பது 1,000-க்குப் பக்கத்தில் போகும். கரிசலில் பதினொரு கொத்து சிரமமில்லாமல் ஓடும். கவனியுங்கள், இன்ஜின் அதேதான். பன்னிரண்டு ஏக்கருக்கு அந்தக் கூடுதல் விலை தேவையா என்பது அவரவர் பாடு. வருஷம் முழுக்க வாடகைக்கு உழுபவரும், தொளி உழவுக்கு (நெல் வயலில் தண்ணீர் கட்டிச் சேறடிப்பது) போகிறவரும் யோசிக்காமல் நாலு சக்கரத்துக்குப் போகலாம். தொளிக்கு மட்டும் என்றால் கேஜ் வீல், அதாவது சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம், மலிவு. அதை மாட்டிக்கொண்டு தார் ரோட்டில் ஓட்டினால் ரோடும் போகும், அபராதமும் வரும்.

சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடிக்கும் ரோட்டவேட்டருக்கு வந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் தலைகீழாகப் போடவேண்டும். அதன் கத்திகள் சுழலும்போது மண்ணை உதைத்து வண்டியை முன்னே தள்ளுகின்றன. பிடி ஒரு பிரச்சினையே இல்லை. இங்கே தீர்ந்துபோவது பி.டி.ஓ. சக்தி, அதாவது கருவியைச் சுழற்ற வண்டியின் பின்னால் நீட்டியிருக்கும் தண்டுக்கு வரும் சக்தி. 45 எச்.பி. இன்ஜினில் பி.டி.ஓ.வுக்கு வந்து சேர்வது 38 முதல் 40 வரைதான். வாங்குமுன் மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் சோதனை நிலைய அறிக்கையில் அந்த மாடலுக்கு என்ன எண் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. வண்டி பின்னால் எவ்வளவு பாரம் இழுக்கும் என்ற டிராபார் இழுவையும் அதிலேயே இருக்கும்.

36 கத்தி உள்ள ஐந்தடி ரோட்டவேட்டர் இந்த வண்டிக்கு எந்த மண்ணிலும் சுளுவாக ஓடும். 42 கத்தி ஆறடி செம்மண்ணில் ஓடும், தண்ணீர் கட்டிய வயலிலும் ஓடும். காய்ந்த கரிசலில் ஆறு அங்குலம் இறக்கினால் முக்கும், கியரைக் குறைத்து ஊர்ந்துதான் போகவேண்டும். இதை வைத்துப் பார்த்தால் ஐந்தடிதான் சரி. ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. பின் டயர்களின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் 1.7 மீட்டர் வரை வரும், ஐந்தடி என்பது 1.5 மீட்டர். நடுவாக மாட்டினால் இரு பக்கமும் டயர் தடத்தின் ஓரம் உழாமல் நிற்கும். பக்கவாட்டில் தள்ளி மாட்டவேண்டும், இல்லை அடுத்த சாலில் ஏறி அடிக்கவேண்டும். ஐந்தரை அடி கிடைத்தால் அதை எடுப்பேன். கிடைக்காவிட்டால் ஆறடி எடுத்துக் கரிசலில் ஆழத்தைக் குறைத்து இரண்டு தடவை அடிப்பேன். இந்த ஒரு விஷயத்தில் மச்சானின் பெரிய ஆசைக்கு நான் எதிரி இல்லை.

வட்டத் தட்டுகளால் மண்ணைப் புரட்டும் சட்டிக் கலப்பையில் பேச அதிகமில்லை. கொத்துக் கலப்பையின் கதைதான், எண்கள் மட்டும் பெரிசு. கரிசலில் ஒரு சட்டி 300 கிலோவுக்கு மேல் கேட்கும், அதனால் இரண்டு சட்டி. செம்மண்ணில் மூன்று போடலாம். கனமான சாமான் என்பதால் மூன்று சட்டியைத் தூக்கும்போது முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் பிடிக்காது, முன் வெயிட் கட்டாயம். ஆழத்தில் இறுகிய மண்ணைக் கீறும் உளிக்கலப்பை என்றால் ஒரே உளி. 40 சென்டிமீட்டர் இறக்கும்போது அந்த ஒன்றே கரிசலில் ஒன்பது கொத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ இழுக்கும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அரை மீட்டர் இடைவெளியில் அடிக்கவேண்டிய வேலை, வாடகைக்கு எடுத்தாலே போதும்.

கடைசியில் மச்சான் பதினொரு கொத்தே வாங்கினார். "செம்மண்ணுக்கு நீயே சரின்னு சொன்னல்ல?" என்று கேட்டுவிட்டு. கரிசலுக்குப் போகும்போது ஓரத்தில் ஒவ்வொன்று கழற்றிவிடுவது என்று ஏற்பாடு. முதல் தடவை கழற்றினார். அடுத்த தடவை டிரைவர் மட்டும் போனார், கழற்றவில்லை. சாயங்காலம் நான் போய்த் தடத்தைப் பார்த்தேன். பட்டன் அச்சே இல்லை, ஏதோ உருளை உருண்டு போனதுபோல் இருந்தது. இப்போது அந்த இரண்டு கொத்தும் கழன்றபடியே மாட்டுக்கொட்டகைத் தூணில் சாய்ந்து நிற்கின்றன. செம்மண்ணுக்குப் போகும்போது மாட்டிக்கொள்ளலாம் என்கிறார். இதுவரை மாட்டவில்லை.