"பழைய ஸ்டாக், ஒரிஜினல் சார்" என்றால் முதலில் ஸ்கேலை எடுங்கள்

ஊட்டி, குன்னூர் பக்கம் பழைய சாவி கொடுக்கும் வாட்ச்சுக்கு ஸ்ட்ராப் மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு.

1950களின் சுவிஸ் வாட்ச் ஒன்று, 33 மி.மீ. கேஸ் (வாட்ச்சின் உலோக உடல்). மே சீசனில் ஊட்டியில் ஒரு கடையில் ஸ்ட்ராப் மாற்றினார்கள். ஸ்ட்ராப் 950, "கம்பெனி ஒரிஜினல்" பக்கிள் 750, மாட்டிய கூலி 150, ஆக 1,850 ரூபாய். பதினோராவது நாள் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஸ்ட்ராப்பின் ஒரு பக்கம் கழன்று வாட்ச் சிமென்ட் தரையில் விழுந்தது. அந்தக் காலத்து மெஷினில் பலவற்றுக்கு அதிர்வு தாங்கும் அமைப்பு கிடையாது. பேலன்ஸ் ஸ்டாஃபின் (உள்ளே ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு) நுனி ஒடிந்துவிட்டது. ஸ்ட்ராப்புக்குக் கொடுத்ததைவிட அந்த ஸ்டாஃப் வேலைக்குத்தான் செலவு அதிகம்.

கழற்றிப் பார்த்ததில் தப்பு ஒன்றல்ல, வரிசையாக இருக்கிறது. முதலில் பின், அதாவது ஸ்ட்ராப்பைக் கேஸோடு பிடித்திருக்கும் சிறு கம்பி.

இந்த வாட்ச்சின் இரண்டு லக்குக்கும் (ஸ்ட்ராப் மாட்டக் கேஸிலிருந்து நீளும் கொம்பு) நடுவே உள்ள இடைவெளி 17 மி.மீ. கடைகளில் தொங்கும் ஸ்ட்ராப் எல்லாம் 16, 18, 20, 22. ஒற்றைப்படை அளவு வைத்திருப்பவர் குறைவு. பழைய வாட்ச்சிலோ 17, 19 சாதாரணமாக வரும். கடைக்காரர் "17 இல்லை" என்று சொல்லியிருந்தால் பிரச்சினையே இல்லை. சொல்லாமல் 18 ஸ்ட்ராப்பின் இரு ஓரத்தையும் கட்டரால் சீவி, உள்ளே 16 மி.மீ. பின்னைப் போட்டு மாட்டிவிட்டார். பின் என்பது குழாய்க்குள் ஸ்பிரிங், இரு முனையிலும் உள்ளே அழுந்தும் மூக்கு, அவ்வளவுதான். அந்த மூக்கின் நீளமே சுமார் 1 மி.மீ. 17 இடைவெளியில் 16 பின் போட்டால் ஒவ்வொரு பக்கமும் அரை மி.மீ. குறைவாகத்தான் துளைக்குள் இறங்கும். விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும் பின், கையை வீசும்போது ஸ்ட்ராப் பக்கவாட்டில் நகர்ந்தால் ஒரு முனையில் வெளியே வந்துவிடும்.

பழைய கேஸ்களில் இது இன்னும் மோசம். பல கேஸ்கள் குரோம் பூசிய பித்தளை. முதுகு மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அறுபது எழுபது வருஷம் பின் உரசியதில் லக்கின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். புதுப் பின்னின் மூக்குத் தடிமன் 0.8 மி.மீ. என்றால் அந்தத் துளைக்குள் ஆடும். மூக்குத் தடிமன் 1 மி.மீ. உள்ள பின் கேட்டு வாங்க வேண்டும். உடல் தடிமன் 1.5 மி.மீ. போதும். டைவர் வாட்ச்சுக்கான 2.5 மி.மீ. குண்டுப் பின் மெல்லிய ஸ்ட்ராப்பின் மடிப்புக்குள் நுழையாது. தள்ளி நுழைத்தால் மடிப்பு பிளக்கும்.

கடையை விட்டு வெளியே வருமுன் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். ஸ்ட்ராப்பை விரலால் இடமும் வலமும் நகர்த்துங்கள். நகர்ந்து லக்கின் பக்கத்தில் வெளிச்சம் தெரிந்தால் ஸ்ட்ராப்போ பின்னோ அளவு தப்பு. பிறகு மேஜையில் துணியை விரித்து, அதன்மேல் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பாதியையும் நேராகவும் சற்றுச் சாய்த்தும் இழுங்கள். கழன்றால் அங்கேயே கழலட்டும்.

அளவை வீட்டிலேயே எடுத்துப் போவது நல்லது. வெர்னியர் (நுட்பமாக அளக்கும் கருவி) இருந்தால் ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டு, லக்கின் நுனியில் அல்லாமல் துளைக்கு நேரே அளங்கள். நுனிகள் சில கேஸ்களில் விரிந்திருக்கும். வெர்னியர் இல்லையா, விசிட்டிங் கார்டில் 16, 17, 18 மி.மீ. அகலப் பட்டைகள் மூன்று வெட்டுங்கள். எது ஆடாமல் நுழைகிறதோ அதுதான் அளவு. எஸ்டேட்டில் ரிட்டயர்மென்ட்டுக்குக் கொடுத்த எச்.எம்.டி. வீட்டில் இருக்கும் பலருக்கு 18 சரியாக வரும். அதற்காக அளக்காமல் போகாதீர்கள்.

இனி ஸ்ட்ராப். "ஜெனுயின் லெதர்" என்று பின்னால் அச்சு இருந்தது. அந்த அச்சுக்குப் பெரிய மதிப்பு இல்லை. தோல் தூளைப் பசையில் அழுத்திய பலகையின் மேல் பாலியூரித்தேன் பூசினாலும் அதே அச்சைக் குத்திவிடுகிறார்கள். சீவிய ஓரம்தான் இதைக் காட்டிக்கொடுத்தது. நல்ல தோலின் வெட்டுமுகத்தில் நார் நாராக ஒரே உடம்பாகத் தெரியும். இதில் மேலே பிளாஸ்டிக் படலம், நடுவே அட்டை மாதிரி தூள், கீழே ரெக்சின். ஓரத்தைச் சீவியபோது தையலின் வெளி இழையும் போய்விட்டது. பிடித்துக்கொண்டிருந்தது பசை மட்டும். நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை முடிந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்கு வந்துவிடும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் துணியே காயாது. அந்த ஈரத்தில் பாலியூரித்தேன் சிதைந்து தோலுரியும், பசை விடும். கீழே கோயம்புத்தூரில் கொஞ்ச நாள் தாங்குகிற சரக்கு இங்கே அவ்வளவு தாங்காது.

கடையில் சோதிக்க ஒரு வழி: உள்பக்கத்தில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். பூச்சில்லாத தோல் என்றால் கொஞ்ச நேரத்தில் கறுத்து உறிஞ்சும். முத்தாக நின்றால் பூச்சு. மேல்பக்கத்தில் இந்தச் சோதனை செல்லாது, நல்ல தோலுக்கும் அங்கே மெழுகு இருக்கும். முதலைத் தோல் வரி போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், அது மாட்டுத்தோல் மேலும் ரெக்சின் மேலும் அச்சில் அழுத்துவது.

தடிமனும் முக்கியம். இந்த வாட்ச்சுக்கு 4 மி.மீ. பஞ்சு வைத்த ஸ்ட்ராப்பைப் போட்டிருந்தார்கள். 33 மி.மீ. கேஸில் அது திண்டு மாதிரி துருத்தி நிற்கும், கேஸின் முதுகில் உரசும், பின்னை நெம்பும். லக் அருகே 2 முதல் 2.5 மி.மீ., நுனியில் 1.5 முதல் 2 மி.மீ. என்றால் அந்தக் காலத்து வாட்ச்சுக்கு அழகாகப் படியும். நீளம் பொதுவாகக் கொக்கிப் பக்கம் 75, துளைப் பக்கம் 115 அல்லது 120. மணிக்கட்டுச் சுற்றளவிலிருந்து, ஒரு பின்னிலிருந்து மறு பின் வரை உள்ள தூரத்தையும் கொக்கிப் பக்கத்தையும் கழித்து, தளர்வுக்கு 5 மி.மீ. கூட்டுங்கள். சுற்றளவு 165, பின் தூரம் 37, கொக்கிப் பக்கம் 75 என்றால் 53, தளர்வோடு 58. துளைப் பக்கத்தில் பின்னிலிருந்து அந்தத் தூரத்தில் ஒரு துளை இருக்க வேண்டும், அது நடுத் துளைக்கு எவ்வளவு அருகில் வருகிறதோ அவ்வளவு நல்லது.

அந்த 750 ரூபாய் பக்கிளுக்கு வருவோம். "இது பழைய ஸ்டாக் சார், இப்போ தேடினாலும் கிடைக்காது" என்று கண்ணாடிப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. வாட்ச் கம்பெனியின் சின்னம் மேலே இருக்கிறது, சரி. ஆனால் சின்னம் அச்சில் அழுத்தியது அல்ல; லேசரில் சுட்டது, சாம்பல் நிறத்தில் ஆழமில்லாமல் கிடக்கிறது. அந்தக் காலத்து பக்கிளில் சின்னம் புடைத்தோ, கூர்மையான விளிம்போடு பள்ளமாகவோ இருக்கும். லென்ஸ் வைத்து உள்பக்கம் பார்த்தால் ஊசிக்குத்து மாதிரி குழிகள், ஓரத்தில் அச்சுக் கோடு: வார்த்து எடுத்த நகல். "20 மைக்ரான் கோல்டு" என்ற பூச்சு பதினோரு நாளில் மூலையில் வெளுத்துவிட்டது. உண்மையான 20 மைக்ரானுக்கு அது வருஷக்கணக்கு வேலை. காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள்; இரும்பு என்றால் ஒட்டும், பித்தளையும் ஒட்டாது, நல்ல ஸ்டீலும் பெரும்பாலும் ஒட்டாது. பூச்சு போன பித்தளை தோலிலுள்ள எண்ணெயோடு சேர்ந்து பச்சையாகக் களிம்பு கட்டும், இங்கத்து ஈரத்தில் இன்னும் வேகமாக.

அளவும் தப்பு. ஸ்ட்ராப்பின் நுனி 16 மி.மீ., பக்கிளின் உள் அகலம் 14. தோலைக் கசக்கி உள்ளே திணித்திருந்தார்கள். பக்கிளின் முள் நகரும் பிளவின் ஓரம் அதனால் கிழியத் தொடங்கியிருந்தது. பக்கிளை வாட்ச்சின் அளவுக்கு வாங்கக் கூடாது, ஸ்ட்ராப்பின் நுனி அளவுக்கு வாங்க வேண்டும். 18 ஸ்ட்ராப்புக்கு நுனி பெரும்பாலும் 16, சிலவற்றில் 14. உங்களிடம் பழைய ஒரிஜினல் பக்கிள் ஏற்கெனவே இருந்தால், அதன் உள் அகலத்தை அளந்து அதற்கேற்ற நுனியுள்ள ஸ்ட்ராப்பைத் தேடுங்கள். கடையில் "இதைப் போட்டுத் தர்றேன், பழசை விட்டுடுங்க" என்றால் விடாதீர்கள். நகலை விற்கிற கைதான் அசலையும் வாங்குகிறது.

பெல்ட்டை மாற்றுகிறேன் என்று யாராவது லக்கின் கம்பியை வெட்ட வந்தால் உடனே வாட்ச்சைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். 1920களுக்கு முன்பின்னான சில வாட்ச்சுகளில் பின் கிடையாது, கம்பியே கேஸோடு பற்றவைத்திருக்கும். அதற்கு ஒரே துண்டாக அடியில் ஓடும் ஸ்ட்ராப்போ, நுனி திறந்து கம்பியைச் சுற்றித் தைக்கும் ஸ்ட்ராப்போதான் வழி.

மழைக்காலத்துக்கு அடியில் ஓடும் நைலான் பட்டை நல்ல யோசனை. ஒரு பின் கழன்றாலும் இன்னொன்று வாட்ச்சைப் பிடித்துக்கொள்ளும், நனைந்தால் அலசிக் காயப்போடலாம். 17 கிடைக்காவிட்டால் 16 பட்டை போடலாம். ஆனால் பின் மட்டும் 17தான். தோல் ஸ்ட்ராப் நனைந்தால் ஹீட்டர் பக்கத்திலோ அடுப்படியிலோ வைக்காதீர்கள், விறைத்து வெடிக்கும். துணியால் ஒற்றி நிழலில் விடுங்கள்.

கடையில் போய்க் கேட்டதற்கு, "வாட்ச் பழசு சார், அதுக்கு நாங்க என்ன பண்றது" என்றார்கள். பில்லில் "ஸ்ட்ராப் 1" என்று மட்டும் எழுதியிருந்ததால் பக்கிளைப் பற்றிப் பேசவே முடியவில்லை. எனவே பில்லில் எழுதி வாங்குங்கள்: ஸ்ட்ராப் எந்தத் தோல், எத்தனை மி.மீ., பின் அளவு, பக்கிள் ஒரிஜினலா நகலா. எழுதத் தயங்கினால் அதுவே பதில். எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

இந்த வாட்ச்சுக்கு இப்போது தைக்கச் சொல்லியிருப்பது: லக் 17, நுனி 14, நீளம் 75க்கு 110, லக் அருகே 2.2 மி.மீ., பஞ்சு இல்லாமல், உள்ளேயும் தோல், 17 மி.மீ. பின் இரண்டு ஜோடி. ஒரு ஜோடி கைவசம்.