பத்மநாபபுரம் அரண்மனை: காலை ஒன்பதுக்கே போய்விடுங்கள்

கன்னியாகுமரி சுற்றுலா வேன்கள் பெரும்பாலும் சுசீந்திரம் கோயிலையும் திற்பரப்பு அருவியையும் சேர்த்து ஒரே நாளில் பத்மநாபபுரம் அரண்மனையையும் திணித்துவிடுகின்றன. வேன் வந்து சேர்வதற்குள் பன்னிரண்டரை ஆகிவிடும். ஒரு மணிக்கு கவுன்டரை மூடினால் மறுபடி திறப்பது இரண்டு மணிக்குத்தான். உள்ளே போனவர்களையும் வெளியில் நிற்கும் டிரைவர் அவசரப்படுத்துவார். அரை மணி நேரத்தில் ஓடிப் பார்த்துவிட்டு, "தங்கமும் இல்லை, சிம்மாசனமும் இல்லை, வெறும் மரவீடு" என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறார்கள். அந்த மரத்தைப் பார்க்கத்தான் இங்கே வர வேண்டும். இரண்டு மணி நேரமாவது வேண்டும். காலை ஒன்பதுக்குத் திறக்கும்போதே உள்ளே போய்விட்டால் கூட்டமும் இருக்காது, வெளிச்சமும் நன்றாக இருக்கும். திங்கள்கிழமை விடுமுறை.

1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இந்த ஊர்தான். 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. நாகர்கோவில் வடசேரியிலிருந்து மார்த்தாண்டம், திருவனந்தபுரம் போகும் பஸ்கள் தக்கலை வழியாகத்தான் போகின்றன. தக்கலையில் இறங்கினால் இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும். கேமராவுக்குத் தனி டிக்கெட். செருப்பை வெளியிலேயே விட்டுவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு முற்றத்துக் கற்கள் காலைச் சுடும். காலையிலேயே போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் வருவது பூமுகம், அதாவது முகப்பு மண்டபம். எல்லோரும் நேரே மாடிப்படிக்குப் போய்விடுவார்கள். ஒரு நிமிடம் நின்று கூரையின் உட்புறத்தை அண்ணாந்து பாருங்கள். மரத்தில் செதுக்கிய தொண்ணூறு பூக்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. அங்கேயே தொங்குகிறது குதிரை விளக்கு. அதன் சங்கிலியைக் கவனியுங்கள். கண்ணிகளை அமைத்திருக்கும் விதத்தால், விளக்கை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அது அந்தத் திசையிலேயே நிற்கும், பழைய இடத்துக்குச் சுழன்று திரும்பாது. சுவரோரம் சீன நாற்காலியும், ஓணத்துக்குக் காணிக்கையாக வந்த ஓணவில்லுகளும் இருக்கின்றன.

மேலே மந்திரசாலை. அரசர் ஆலோசனை நடத்திய அறை. ஏறும் படி குறுகலானது, செங்குத்தானது. முழங்கால் வலி உள்ளவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. அரண்மனை முழுக்க இப்படித்தான்: தலை குனிய வைக்கும் தாழ்ந்த கதவுநிலை, உயரமான வாசல்படி, மரப்படிக்கட்டு. சக்கர நாற்காலி உள்ளே அதிக தூரம் போகாது. அறைக்குள் வெளிச்சம் சாய்ந்த மரச்சட்டங்களின் இடைவெளி வழியாகவும் வண்ண மைக்கா பதித்த சன்னல்கள் வழியாகவும் வடிகட்டித்தான் வரும். வெயில் நேரே விழாது, காற்று மட்டும் நுழையும். வெளியே வேகும் நாளிலும் இந்த அறை குளிர்ந்திருப்பது அதனால்தான்.

தரையை மறக்காமல் பாருங்கள். கறுப்பாக, முகம் தெரியும் அளவுக்கு மினுக்கம். சுண்ணாம்பு, சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு ஆகியவற்றைச் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து ஏற்றியது என்று அங்குள்ள ஊழியர்கள் சொல்வார்கள். நேராகக் குனிந்து பார்த்தால் தெரியாது. சன்னல் பக்கம் முகத்தை வைத்துச் சாய்வாகப் பார்த்தால்தான் அந்தப் பளபளப்பு பிடிபடும்.

அடுத்து ஊட்டுப்புரை, சாப்பாட்டுக் கூடம். இரண்டு தளம், ஒரு தளத்துக்கு ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும் நீளம். வெறும் கூடம்தானே என்று தாண்டிப் போகிறவர்கள் ஊறுகாய் ஜாடிகளின் அளவையாவது பார்த்துவிட்டுப் போகலாம்.

இங்கே உள்ளதிலேயே பழையது தாய்க்கொட்டாரம், சுமார் 1550ஐச் சேர்ந்தது. நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய நாலுகெட்டு வீடு. அதன் ஏகாந்த மண்டபத்தில் உள்ள பலா மரத் தூணுக்குக் கட்டாயம் ஐந்து நிமிடம் கொடுங்கள். ஒரு தூணில் இவ்வளவு நுணுக்கமான பூவேலையா என்று மலைக்க வைக்கும். மூலையில் மங்கலாக இருக்கும். கண் பழகும் வரை காத்திருக்க வேண்டும்.

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா கட்டிய உப்பரிகை மாளிகைக்கு நான்கு தளங்கள். 64 மூலிகை மரத்துண்டுகளைச் சேர்த்துச் செய்த அரசர் கட்டில் இங்கேதான். உச்சித் தளத்தில் பூஜை அறை, சுவர் முழுக்க ஓவியங்கள். ஆனால் அந்தத் தளம் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. ஓவியத்துக்காகவே வருகிறவர்கள் ஏமாற வேண்டாம். கடைசிப் பக்கம் நவராத்திரி மண்டபம்: கருங்கல் தூண்கள், இன்னொரு பளபளத் தரை, அரச குடும்பப் பெண்கள் மறைவிலிருந்து கலைநிகழ்ச்சி பார்க்க மரச்சல்லடை.

சேவையைச் சொல்லவேண்டுமென்றால், அறைக்கு அறை நிற்கும் ஊழியர்கள்தான் இந்த இடத்தின் பலம். தமிழிலும் மலையாளத்திலும் விளக்குவார்கள், கேட்டால் இன்னும் சொல்வார்கள். எழுத்துப் பலகைகளை மட்டும் நம்பினால் பாதிகூடப் புரியாது. பார்வையாளர்கள் போகும் வழி ஒரே திசையில் போகிறது. விட்டதைப் பார்க்க எதிர்த்திசையில் வருவது சிரமம். ஆகவே ஒவ்வோர் அறையிலும் பார்த்து முடித்துவிட்டே நகருங்கள்.

சபரிமலை சீசனிலும் பள்ளி விடுமுறையிலும் மாடிப்படிகளில் வரிசை நிற்கும், ஒரு இடத்திலும் நின்று பார்க்க விடாது. நவராத்திரிக்கு முன் சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் புறப்படும் நாளில் அரச உடைவாள் கைமாறும் சடங்கு உப்பரிகை மாளிகையில் நடக்கும். சடங்கைப் பார்க்க அந்த நாள் சரி, அரண்மனையைப் பார்க்க வேறு நாள் போங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் நாகர்கோவில் திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. கல்லில் தமிழும் லத்தீனும் பொறித்திருக்கிறார்கள். வெயில் தாழ்ந்த பிறகு போனால் மரநிழலில் நிதானமாக நடக்கலாம்.