குண்டுமல்லியா, முல்லையா, பிச்சியா: வீட்டுக்கு எதை வைப்பது?

பூ இல்லாத நேரத்தில் நர்சரிக்குப் போனால் மூன்றும் வெறும் பச்சைச் செடிதான். கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தாலும் மல்லி என்று நம்பி வாங்கி வந்துவிடுவோம். இலையைப் பார்த்தால் ஏமாற வேண்டாம். அகலமாக, ஒற்றை இலையாக, பளபளவென்று இருந்தால் குண்டுமல்லி. சின்ன இலை, அதன் காம்பில் இரண்டு பக்கமும் காது மாதிரி குட்டி இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் முல்லை. ஒரே காம்பில் ஏழெட்டுச் சிற்றிலைகள் வரிசையாக நின்றால் பிச்சி. ஜாதிமல்லி என்று சொல்வதும் இதைத்தான்.

தொட்டி மட்டும்தான் இருக்கிறது, மொட்டைமாடியில் நல்ல வெயில் விழுகிறது என்றால் யோசிக்காமல் குண்டுமல்லியை வையுங்கள். புதர் மாதிரி அடக்கமாக நிற்கும், பந்தல் கேட்காது. ராமநாதபுரம் குண்டுமல்லி நாற்று கிடைத்தால் இன்னும் நல்லது. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்கே ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பக்கத்து நாற்றுகளைத்தான் தேடிப் போகிறார்கள். ஆறு மணி நேர வெயில் இல்லாத பால்கனியில் வைத்தால் இலை மட்டும் செழிப்பாக வரும், பூ வராது. தண்ணீர் தேங்கவே கூடாது. என் முதல் செடி கோடையில் வாடிவிடுமோ என்று இரண்டு வேளையும் ஊற்றி, வேர் அழுகித்தான் போனது. மேல்மண் காய்ந்ததை விரல் விட்டுப் பார்த்த பிறகு ஊற்றினாலே போதும்.

மல்லி பூக்கவில்லை என்று வருத்தப்படும் முக்கால்வாசிப் பேர் கத்தரிக்கோலை எடுக்காதவர்கள். எங்கள் வீட்டிலும் அம்மாவுக்குப் பச்சைக் கிளையை வெட்ட மனசே வராது. ஆனால் மொட்டு வருவது புதுத் துளிரின் நுனியில்தான். பழைய கிளையை விட்டுவைத்தால் அது குச்சியாகவே நீளும். தரையில் இருக்கும் மல்லியைக் கார்த்திகையில் அரை மீட்டர் உயரத்துக்குக் கவாத்து செய்ய வேண்டும். தொட்டி என்றால் இன்னும் தாழ்த்தியே வெட்டலாம். பிச்சிக்கு மார்கழிக் கடைசி அல்லது தை முதல், முல்லைக்குத் தை. இந்தக் கணக்குத் தவறினால் அந்த வருஷப் பூ போச்சு. வெட்டிய கையோடு தொழு உரம் போட்டால் மாசி, பங்குனியில் துளிர்த்து, சித்திரை வெயிலில் மல்லி கொட்டும். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் நுனிகளை லேசாகக் கிள்ளிவிடுங்கள், அடுத்த சுற்று வரும்.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து தெளித்தால் தேறிவிடும். மொட்டு ஊதா நிறமாக மாறினால் உள்ளே மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைக் கிள்ளி அழித்துவிட்டு வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்க வேண்டும்.

முல்லை வேறு ரகம். கொழுகொம்பு இல்லாமல் அதைத் தொட்டியில் வைப்பது அதற்குச் செய்கிற அநியாயம். காம்பவுண்டுச் சுவரோ வாசல் பந்தலோ இருந்தால், முல்லைக்கு ஈடு கிடையாது. மல்லி மாதிரி தூக்கலாக அடிக்காத, மெல்லிய வாசனை. ஊசி மாதிரி மொட்டுகள் என்பதால் ஒரு முழம் கட்ட நேரம் பிடிக்கும். இதன் தொந்தரவு கொப்புளச் சிலந்தி என்ற, கண்ணுக்குத் தெரியாத பூச்சி. இலையிலும் தண்டிலும் வெள்ளையாகப் பஞ்சு அப்பியது போல் ரோமம் கிளம்பும். பூஞ்சணம் என்று நினைத்து விட்டுவிடாமல், அந்தக் கிளையை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளியுங்கள். பாரிமுல்லை என்ற ரகம் இந்தச் சிலந்தியைத் தாங்கும்.

பிச்சி இடம் கேட்கும். வயலிலேயே மல்லிக்கு ஒன்றேகால் மீட்டர் இடைவெளி விடுகிறவர்கள் இதற்கு 2 மீட்டர் வரை விடுகிறார்கள். தரை இருப்பவர்களுக்கு மட்டும்தான் சொல்வேன். ஆனால் மல்லி ஓய்கிற ஆனி, ஆடியில் இது களைகட்டும். மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். சாயங்காலம் பறித்து ஈரத்துணியில் வைத்தால், விளக்கு வைத்த பிறகு ஒவ்வொன்றாக விரிந்து வீடே மணக்கும்.

இப்போது எங்கள் மாடியில் இரண்டு தொட்டிக் குண்டுமல்லி, கீழே கேட்டோரம் ஒரு முல்லை. பின்பக்கத்து வாழையை எடுத்ததும் அந்த இடம் பிச்சிக்கு.