சாம்பாரா, சுண்டலா, பன்னீரா: சைவத் தட்டின் புரதக் கணக்கு

எங்கள் வீட்டில் நான்கு பேர். சாம்பாருக்குத் துவரம்பருப்பு அளக்கும் கிண்ணத்தை ஒருநாள் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நிறையப் போட்டால் 100 கிராம். மதியத்துக்கும் இரவுக்கும் அதே சாம்பார்தான். ஆளுக்கு 25 கிராம் பருப்பு. துவரம்பருப்பில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. அப்படியானால் இரண்டு வேளையும் சாம்பார் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டும் ஒருவருக்குச் சேர்வது ஐந்தரை கிராம். தினமும் பருப்பு சாப்பிடுகிற வீட்டில் புரதக் குறை எப்படி வரும் என்று நானும் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று விடை தெரிந்தது.

ஒருவருக்கு எவ்வளவு வேண்டும்? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் தந்த பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். சோற்றையும் சப்பாத்தியையுமே பெரும்பாலும் நம்பியிருக்கும் உணவில் புரதத்தின் தரம் குறைவு என்பதால், அப்படிச் சாப்பிடுபவர்களுக்குக் கிலோவுக்கு 1 கிராம் என்று கொள்வது நல்லது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 55 கிராம். இனி எங்கள் வீட்டுத் தட்டைப் பாருங்கள். இட்லி அரிசியையும் சேர்த்து நாளைக்கு 250 கிராம் அரிசி: 20 கிராம் புரதம். சாம்பார்: ஐந்தரை. காபிப் பாலும் தயிருமாக 300 மில்லி: 10 கிராம். காய்கறி, இட்லியில் இருக்கும் உளுந்து எல்லாம் சேர்த்து மூன்று, நான்கு கிராம். மொத்தம் 39. துண்டு விழுவது 16 கிராம்.

இந்த 16 கிராமை எதைக் கொண்டு நிரப்புவது என்பதுதான் இங்கே போட்டி. பன்னீர் என்கிறார்கள் சிலர், மீல்மேக்கர் என்கிறார்கள் சிலர், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் பெரிய டப்பாவில் பொடி வாங்கி வருகிறார்கள். ஒவ்வொன்றையும் எடை போட்டுவிடலாம்.

முதலில், காசு கூடச் செலவழிக்காமல் மாற்றக்கூடியது காலைப் பலகாரம். அரிசியும் பருப்பும் சேர்த்து 100 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலுக்கு ஒன்று என்று உளுந்து போட்டு அரைத்த இட்லி மாவில் 11 கிராம் புரதம் வருகிறது. இரண்டு பங்கு பச்சரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு போட்ட வெண்பொங்கலில் 13. அரிசி பாதி, கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் உளுந்துமாகப் பாதி போட்டு அரைத்த அடையில் 15. அதே எடை, அதே அடுப்பு. பருப்பின் பங்கு ஏற ஏறப் புரதமும் ஏறுகிறது. தரமும் கூடவே உயர்கிறது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் மெத்தியோனின் குறைவு, அதை அரிசி ஈடுகட்டுகிறது. ஒரே நாளில் இரண்டையும் சாப்பிட்டால் போதும், ஒரே கவளத்தில்தான் சேர வேண்டும் என்பதில்லை.

இட்லியைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். மாவு புளிக்கும்போது பருப்பிலும் அரிசியிலும் இருக்கும் பைட்டேட் குறைகிறது. இரும்பையும் துத்தநாகத்தையும் உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் தடுப்பது அதுதான். உடம்பு சரியில்லாதவருக்கு இட்லியைப் போல ஒரு பலகாரம் கிடையாது. ஆனால் வாரம் ஏழு நாளும் இட்லி, தோசை என்பதை ஐந்து நாளாக்கி, மீதி இரண்டு நாள் அடை அல்லது பெசரட்டு என்று வைத்துப் பாருங்கள். முழுப் பாசிப்பயற்றை ஊறவைத்து அரைக்கும் பெசரட்டுக்கு அரிசி ஒரு கைப்பிடி இருந்தால் போதும்.

சாம்பாரையும் கைவிட வேண்டியதில்லை. பருப்பை இரட்டிப்பாக்கினால் அது கூட்டு மாதிரி ஆகிவிடும், வீட்டில் முகம் சுளிப்பார்கள். அதற்குப் பதில் சாம்பாரை அப்படியே விட்டுவிட்டு, பொரியல் செய்யும் பீன்ஸையும் கொத்தவரங்காயையும் பருப்புசிலியாகச் செய்யலாம். பருப்பு அங்கே வந்து சேர்ந்துவிடும்.

கூடுதல் 16 கிராமுக்கு யார் வருகிறார்கள்?

சுண்டலுக்குத்தான் என் முதல் வாக்கு. 50 கிராம் கொண்டைக்கடலையை இரவில் ஊறவைத்தால் காலையில் ஒரு கிண்ணம் நிறைய இருக்கும். அதில் 9 கிராமுக்கு மேல் புரதம். கூடவே நார்ச்சத்து, ஃபோலேட் என்ற பி வைட்டமின், கொஞ்சம் இரும்பு. தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு என்று மாற்றி மாற்றிச் செய்தால் அலுக்காது. நவராத்திரியில் ஒன்பது நாள் விதவிதமாகச் சுண்டல் செய்து ஊருக்கெல்லாம் கொடுக்கிறோம். கொலு பொம்மைகளைப் பெட்டியில் கட்டி வைக்கும்போது சுண்டலையும் சேர்த்துக் கட்டி வைத்துவிடுகிறோம். எனக்கு இது ஆற்றாமையாக இருக்கிறது. வாயு என்று பயப்படுபவர்கள் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவைக்க வேண்டும். பெருங்காயமும் இஞ்சியும் தாளிப்பில் இருக்கட்டும். முதல் வாரம் கால் கிண்ணத்தில் தொடங்கினால் வயிறு பழகிக்கொள்ளும்.

நிலக்கடலை அடுத்தது. 30 கிராம், அதாவது ஒரு கைப்பிடி, 7 கிராம் புரதம் தரும். அதிலேயே பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எண்ணெய் இருப்பதால் இரண்டாவது கைப்பிடிக்குப் போகக் கூடாது; எடை குறைக்க நினைப்பவர் கணக்காகத்தான் எடுக்க வேண்டும். வறுத்ததை விட அவித்த கடலை வயிற்றுக்கு இதம். கருத்ததும் சுருங்கியதும் கசப்பதும் பூஞ்சை பிடித்ததாக இருக்கலாம், தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு கைப்பிடி கடலை: 16 கிராம். துண்டு விழுந்தது சரியாகிவிட்டது.

பன்னீரைப் பற்றிக் கேட்பார்கள். 100 கிராமில் 19 கிராம் புரதம் உண்டு, தரமும் உயர்வு, சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. ஆனால் முழுப்பாலில் செய்த பன்னீரில் கொழுப்பும் ஏறத்தாழ அதே அளவு அல்லது அதற்கும் மேல். ஓட்டலில் வெண்ணெயும் முந்திரியும் அரைத்து ஊற்றிய குழம்பில் நாலு துண்டு மிதப்பதைப் புரத உணவு என்று நம்புவது தவறு. வீட்டில் செய்தால், பால் திரிந்து பிரியும் பச்சைத் தண்ணீரைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளுங்கள். பாலின் புரதத்தில் ஒரு பங்கு அதில்தான் இருக்கிறது. அதே பாலைத் தயிராகத் தோய்த்தால் இந்தக் கவலையே இல்லை. அன்றாடத்துக்குத் தயிர், விருந்தாளி வரும் நாளைக்குப் பன்னீர் என்பது என் கட்சி.

மீல்மேக்கர் மீது மக்களுக்கு இருக்கும் சந்தேகம் நியாயமில்லாதது. எண்ணெய் எடுத்த சோயா மாவிலிருந்து செய்யப்படும் இந்த உருண்டையில் உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம்தான். 30 கிராம் போதும், ஒருவருக்குத் துண்டு விழுந்ததில் 15 கிராம் ஒரே வேளையில் சேர்ந்துவிடும். விலையும் பன்னீரைவிட வெகு குறைவு. கொதிநீரில் ஊறவைத்து, இரண்டு முறை நன்றாகப் பிழிந்து, பிறகு மசாலாவில் சேர்த்தால் அந்தப் பச்சை வாடை இருக்காது. ஆண்களுக்கு ஆகாது, ஹார்மோன் கெட்டுவிடும் என்று சொல்வதற்கு, சாதாரணமாகச் சாப்பிடும் அளவில் ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்மை: தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சோயாவையும் அடுத்தடுத்துச் சாப்பிடக் கூடாது, மருந்து உடம்பில் சேர்வதைச் சோயா குறைக்கும். வாரம் இரண்டு நாள் மீல்மேக்கர் என்றால் எனக்குச் சம்மதம். தினமும் அதையே நம்பினால் பயறு வகைகள் தட்டிலிருந்து போய்விடும்.

பொடி டப்பா? ஒரு கரண்டியில் 20 முதல் 25 கிராம் வரை புரதம் இருக்கும்; பெரும்பாலும் பாலின் பச்சைத் தண்ணீரிலிருந்து எடுத்ததுதான். பசியே எடுக்காத முதியவருக்கோ அறுவை சிகிச்சை முடிந்து தேறிவருபவருக்கோ மருத்துவர் சொன்னால் சரி. மற்றவர்களுக்கு அது தேவையில்லை. தசை வளர்க்க இத்தகைய பொடிகளைத் தவிர்க்கும்படி 2024-இல் அதே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் சொல்கிறது. அந்த வழிகாட்டி 2,000 கலோரி உண்பவருக்குச் சொல்லும் பருப்பு, பயறு அளவு நாளைக்கு 85 கிராம். எங்கள் வீட்டு 25 கிராமை அதன் அருகில் வைத்துப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, அவர்கள் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

இரும்புக்குப் பேரீச்சையா, கம்பா?

இரத்தம் குறைவு என்றால் பேரீச்சம்பழம் வாங்கி வருவது நம் வழக்கம். தினம் ஐந்து பழம் தின்றாலும் இரும்பு ஓரிரு மில்லிகிராமைத் தாண்டாது, சர்க்கரைதான் அதிகம். பெண்களுக்கு நாளைக்கு வேண்டியதாகச் சொல்லப்படுவது 29 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. கம்பில் ஆறுக்கு மேல். கம்பங்கூழோ கம்பு தோசையோ வாரம் மூன்று நாள் வந்தால் பேரீச்சையை விட எவ்வளவோ மேல். முருங்கைக்கீரையும் முளைக்கீரையும் இதில் நல்ல துணை.

ஆனால் தாவர உணவில் இருக்கும் இரும்பில் சிறு பங்கைத்தான் உடல் எடுத்துக்கொள்கிறது. அதைக் கூட்டுவதும் குறைப்பதும் நம் கையில் இருக்கிறது. சுண்டலின் மேல் எலுமிச்சை பிழிந்தாலும், சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயையோ கொய்யாத் துண்டையோ கடித்தாலும் கூடும். சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடித்தால் குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இத்தனைக்குப் பிறகும் இரத்தப் பரிசோதனையில் குறை இருந்தால் மாத்திரைதான் வழி, கீரையால் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது.

சுண்ணாம்புச் சத்தில் சைவர்களுக்குக் கவலை குறைவு. 100 கிராம் கேழ்வரகில் இருப்பது 300 மில்லி பாலில் இருப்பதற்குச் சமம், முளைகட்டி அரைத்தால் இன்னும் நன்றாகச் சேரும். பால் குடிக்காதவர்கள் எள்ளுப்பொடியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சமையலறையில் விடை இல்லாத ஒன்று

நரம்புக்கும் இரத்தத்துக்கும் வேண்டிய பி12 வைட்டமின் அப்படியில்லை. என் பெரியம்மா மாயவரத்தில் இருக்கிறார். பிறந்ததிலிருந்து சைவம், பத்தியமான சாப்பாடு, தோட்டத்துக் கீரை. ஒருநாள் கடைத்தெருவிலிருந்து ஒற்றைக் காலில் செருப்போடு வீடு திரும்பினார். "இன்னொன்றை எங்கே விட்டேன் என்றே தெரியவில்லையடி" என்றார். வழியில் கழன்று விழுந்தது காலுக்குத் தெரியவில்லை. பாதம் மதமதப்பாக இருப்பதை ஓராண்டாக வயதின் கோளாறு என்று யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். பரிசோதித்ததில் பி12 மிகவும் குறைவு.

நாளைக்கு வேண்டியது இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல்தான். 100 மில்லி பசும்பாலில் அரை மைக்ரோகிராமுக்குள் இருக்கும். ஆகவே அரை லிட்டர் பாலும் தயிருமாகச் சேர்ந்தால்தான் ஏறக்குறைய எட்டும். இரண்டு டம்ளர் காபியும் நீர்மோரும் மட்டும் என்றால் பாதிகூட வராது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறை வெளியே தெரிய ஆண்டுகள் ஆகும். பெரியம்மா பத்து ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுத்தவர். அந்த மாத்திரை நீண்ட நாள் பயன்பாட்டில் பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். வயிற்று அமிலத்துக்கான மாத்திரைகளும் அப்படித்தான். கீரையிலும் பயறிலும் கிடைக்கும் ஃபோலேட் இன்னொரு விதத்தில் ஏமாற்றும்: இரத்தச் சோகையை மறைத்துவிடும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்.

பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று சொல்வதை நம்ப வேண்டாம். பழைய சோறு நல்ல உணவு, எனக்கும் பிடிக்கும், ஆனால் இந்த வைட்டமினுக்கு அதை நம்பி இருக்க முடியாது. இட்லி மாவும் அப்படியே. சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் பி12 போலவே தோன்றும், உடலுக்குப் பயன்படாத வேறொரு வடிவம். மிஞ்சுவது மூன்று: தாராளமாகப் பாலும் தயிரும்; பி12 சேர்த்துச் செறிவூட்டிய உணவு; மாத்திரை அல்லது ஊசி. இளைஞருக்கு முதலாவது போதலாம். ஐம்பதைத் தாண்டியவர், மெட்ஃபார்மின் எடுப்பவர், பாலையும் விட்டுவிட்டவர், கருவுற்ற சைவப் பெண் ஆகியோர் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுப்பதே சரி. மாத்திரை சைவமா என்று தயங்குபவர்களுக்கு: இந்த வைட்டமினை நுண்ணுயிர்களைக் கொண்டே தயாரிக்கிறார்கள். மேலுறை போட்ட குளிகையில் ஜெலட்டின் இருக்கலாம், அதைத் தவிர்த்துச் சாதாரண மாத்திரையாகக் கேட்டு வாங்கலாம்.

பெரியம்மாவுக்கு முதலில் ஊசி, பிறகு மாத்திரை. இடது காலின் சுண்டுவிரலில் மட்டும் இன்னும் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. போன சித்திரையில் மயூரநாதர் கோயில் பிராகாரத்தில் உச்சி வெயிலில் என்னோடு நடந்தபோது, "கல் சுடுகிறதடி" என்று சொல்லிவிட்டு நிழலைப் பார்த்து எனக்கு முன்னால் ஓடினார்.